அவிழாத துண்டு

இடுப்பில் கட்டியிருந்த துண்டு ஏன் அவிழவில்லை? 1959 அக்டோபரில் பம்பாயில் இந்தக் கேள்வியைக் கேட்காத வாய் கிடையாது. மாட்டுங்காவில் காலை லோக்கலில் ஏறினால் விக்டோரியா டெர்மினஸ் வரும்வரை இதே பேச்சுதான். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும் குஜராத்தி குமாஸ்தா ஒரு விளக்கம் சொல்வார். எதிரே உட்கார்ந்திருக்கும் மராத்திக்காரர் அதை மறுப்பார். நானாவதியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டால், பைகுல்லாவில் ஏறும் பார்சிக் கிழவர் குடையைத் தரையில் ஓங்கித் தட்டுவார். முன்பின் அறியாதவர்கள் வாதம், பிரதிவாதம் எல்லாம் செய்து, வண்டி நிற்பதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள்.

இன்றைய வாசகர்களுக்கு வழக்கு தெரிந்திருக்காது. கடற்படைக் கமாண்டர் கவாஸ் மானெக்‌ஷா நானாவதி, பார்சி. மனைவி சில்வியா இங்கிலாந்தில் பிறந்தவர். மூன்று குழந்தைகள். நானாவதி ஐ.என்.எஸ். மைசூர் கப்பலில் பணியாற்றினார். கப்பல் வேலையாக நாள் கணக்கில் வீட்டை விட்டு இருந்த காலத்தில், குடும்ப நண்பரான பிரேம் அஹூஜாவுடன் சில்வியாவுக்கு உறவு ஏற்பட்டது. அஹூஜா சிந்திக்காரர், மோட்டார் வியாபாரி, கல்யாணமாகாதவர். சகோதரியோடு செதல்வாட் சாலையில் ‘ஜீவன் ஜோத்’ என்ற கட்டடத்தில் குடியிருந்தார். 1959 ஏப்ரல் 27 அன்று பகலில் சில்வியா கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ தியேட்டரில் ‘டாம் தம்’ மாட்டினிக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து கப்பலுக்குப் போய், ராத்திரி தனியாக அகமத்நகர் வரை கார் ஓட்டிப் போகவேண்டும் என்று காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கிக்கொண்டார். அஹூஜாவின் அலுவலகத்தில் தேடினார், ஆள் இல்லை. வீட்டுக்குப் போனார். அஹூஜா அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றிருந்தார். நானாவதி படுக்கையறைக்குள் நுழைந்ததும் கதவு சாத்தப்பட்டது. அடுத்த ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது மணி நாலு இருபது. நானாவதி காரில் ஏறிப் போய்த் தாமாகவே போலீஸில் சரணடைந்தார்.

அந்த வருஷம் நான் கோட்டைப் பகுதியில் ஒரு சாலிசிட்டர் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து டைப்பும் ஷார்ட்ஹேண்டும் ஹையர் பாஸ் செய்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறிய பையன்களுக்கு மாட்டுங்காதான் துறைமுகம். கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மாமா நடத்திய மெஸ்ஸில் சாப்பாடு, மாடியில் ஆறேழு பேருக்கு ஓர் அறை. ‘பிளிட்ஸ்’ வாரப் பத்திரிகையை எல்லோரும் காசு போட்டு வாங்குவோம். ஆர். கே. கரஞ்சியாவின் பத்திரிகை அது. 25 நயா பைசா இதழ் அந்த நாட்களில் இரண்டு ரூபாய்வரை விலைபோயிற்று. நாட்டைக் காக்கும் நேர்மையான அதிகாரி ஒரு பக்கம், பிறன்மனை நயந்த பணக்காரன் மறுபக்கம் என்று கரஞ்சியா முதல் வாரத்திலேயே கோடு போட்டுவிட்டார். ஊரே அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் போய் நின்றது.

விசாரணை செப்டம்பர் 23 அன்று செஷன்ஸ் நீதிபதி ஆர். பி. மேத்தா முன் தொடங்கியது. ஒன்பது பேர் ஜூரி. அரசுத் தரப்பில் சி. எம். திரிவேதி. நானாவதிக்காகக் கார்ல் கண்டலாவாலா. இந்திய ஓவியக் கலையில் பேரறிஞர் என்று பெயர் எடுத்தவரும் இதே கண்டலாவாலாதான். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் எங்கள் மெஸ்ஸில் தினசரி விவாதம்.

ரயில்வே அக்கவுண்ட்ஸில் இருந்த கும்பகோணத்து மாமா ஒருவருக்குச் சந்தேகமே இல்லை. “இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆத்திரம் கண்ணை மறைச்சுடுத்துன்னு சொன்னாப் போறும். மெட்ராஸ்ல ஆளவந்தார் கேஸ் என்ன ஆச்சு? தலையை ராயபுரம் கடற்கரையில போட்டான், உடம்பைப் பெட்டியில வெச்சு போட் மெயில்ல ஏத்தினான். அவனுக்கே தூக்கு இல்லை, ஏழு வருஷம்தான். இவன் என்ன, நேரா போலீஸுக்குப் போனவன்!” என்பார். அவர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. ஆளவந்தார் வழக்கை அவர் ஹிந்து பத்திரிகையில் வரி விடாமல் படித்தவர். ஊரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. மனைவியைக் கெடுத்தவனைக் கண்டதும் ரத்தம் கொதித்தது, சுட்டார். கண்டலாவாலா இதைச் சொல்வார், ஜூரி விட்டுவிடும்.

எங்கள் ஆபீஸ் மானேஜிங் கிளார்க் ஒரு பார்சி. முப்பது வருஷம் கோர்ட்டு வராந்தாவிலேயே நடந்து தேய்ந்தவர். நானாவதி வெளியே வரவேண்டும் என்று அக்னி கோயிலில் வேண்டிக்கொண்டவர். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டால் அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் மத்தியானம் டிக்டேஷன் முடிந்ததும் இந்தியத் தண்டனைச் சட்டத்தை எடுத்து என் மேஜையில் விரித்து வைத்தார். 300-வது பிரிவு, முதல் விதிவிலக்கு. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் தன்னை இழந்து கொன்றால் அது கொலைக் குற்றம் ஆகாது. சரி, பிறகு? அதற்கும் தண்டனை உண்டு, 304-வது பிரிவில் பார் என்று பக்கத்தைப் புரட்டினார். பத்து வருஷம் வரை, ஆயுள் வரைகூடப் போகலாம். “உங்கள் மெஸ் வக்கீல்கள் எல்லாரும் சேர்ந்து கமாண்டரைப் பத்து வருஷம் உள்ளே வைக்கிறார்கள்” என்றார். வீட்டுக்குப் போகவேண்டுமானால் ஒரே வழிதான். அது 80-வது பிரிவு, விபத்து. கொல்லும் எண்ணமே இல்லை, கைகலப்பில் வெடித்துவிட்டது என்று சொல்லவேண்டும். கண்டலாவாலா அந்த வழியைத்தான் பிடிப்பார் என்று அவர் அடித்துச் சொன்னார்.

அப்படியே நடந்தது. நானாவதி தரப்புச் சொன்ன கதையில் ஆத்திரம் பின்னால் போய்விட்டது. அவர் ரிவால்வர் வாங்கியது தன்னையே சுட்டுக்கொள்ள. அஹூஜாவின் அறைக்குப் போனது, சில்வியாவைக் கல்யாணம் செய்துகொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்க. அஹூஜா கேவலமாகப் பதில் சொன்னார். அங்கே வைத்திருந்த உறைக்குள் ரிவால்வர் இருந்தது. அஹூஜா அதை எடுக்கப் பாய்ந்தார், இருவரும் மல்லுக்கட்டினார்கள், குண்டு வெடித்தது. இதுதான் வாதம்.

துண்டு இப்படித்தான் வழக்குக்குள் வந்தது. மல்லுக்கட்டியது உண்மையானால் இடுப்புத் துண்டு நழுவியிருக்க வேண்டாமா என்று அரசுத் தரப்பு கேட்டது. பிணத்தின் மேல் அது கட்டியது கட்டியபடி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெஸ் கொல்லையில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். எல்.ஐ.சி. குமாஸ்தா ஒருவர் அஹூஜா. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் நானாவதி. அஹூஜா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உள்ளே கோவணமும் மேலே ஈரிழைத் துண்டுமாக வந்து நின்றார். ரிவால்வருக்குப் பதில் ஷேவிங் டப்பா, பழைய கவரில் போட்டுத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாயிற்று. ரயில்வே மாமா நாற்காலியில் நீதிபதி. ‘ஆரம்பிக்கலாம்’ என்றதும் இருவரும் டப்பாவுக்குப் பாய்ந்தார்கள். இரண்டாவது இழுப்பிலேயே துண்டு காலடியில் விழுந்தது. இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு மறுபடி வந்தார், மறுபடி விழுந்தது. அஹூஜா கட்டியது பெரிய டர்க்கி டவல், அது கனம், பிடித்து நிற்கும் என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஈர உடம்பில் டர்க்கி டவல் இன்னும் சீக்கிரம் நழுவும் என்றார் இன்னொருவர். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காபி ஆற்றிக்கொண்டு வந்த மெஸ் மாமா, “செத்தவன் துண்டை வெச்சுண்டு என்னடா விளையாட்டு, உள்ள வாங்கோடா!” என்று கத்திய பிறகுதான் கூட்டம் கலைந்தது.

சோதனையில் துண்டு ஒவ்வொரு தடவையும் விழுந்தது. அப்படியானால் மல்லுக்கட்டே நடக்கவில்லை, நேராகச் சுட்டிருக்கிறார் என்றுதானே ஆகிறது? அங்கிருந்த யாரும் அதைச் சொல்லவில்லை. படியேறும்போது ரயில்வே மாமா சொன்னது இதுதான்: “விழுந்தா என்ன, விழாட்டா என்ன. அவன் செஞ்சது சரிதான்.” பம்பாய் முழுக்க இருந்த மனநிலையை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது. சாட்சியத்தை எல்லோரும் ஆராய்ந்தார்கள், துருவினார்கள், நடித்தும் பார்த்தார்கள். அது எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே போக யாருக்கும் மனமில்லை.

சர்ச்கேட் நடைபாதையில் ‘அஹூஜா டவல்’ விற்றார்கள். அடித்தாலும் அவிழாது என்று ஹிந்தியில் கூவல். பக்கத்திலேயே தகரத்தில் செய்த ‘நானாவதி ரிவால்வர்’. ஒரு பையன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, நடைபாதையில் போகிறவர்களை எல்லாம் குறிபார்த்து வாயால் சுட்டுக்கொண்டே போனான். இறந்தவனின் சகோதரி உயிரோடு, அதே ஊரில், சில மைல் தூரத்தில் இருந்தாள். அவள் கண்ணில் இது பட்டிருக்காதா என்ற நினைப்பு அன்று என்னைத் தூங்கவிடவில்லை.

விசாரணைக்கு நடுவில் நவராத்திரி வந்தது. மாட்டுங்காவில் வீட்டுக்கு வீடு கொலு. சுண்டல் வாங்கப் போன இடத்திலெல்லாம் பெண்களின் பேச்சு சில்வியாவைப் பற்றித்தான். அவளைக் கூண்டில் ஏற்றுவார்களா, மாட்டார்களா? “ஏத்தமாட்டா. எந்தப் புருஷன் பெண்டாட்டியைச் சபையில நிறுத்தி அதைச் சொல்ல வைப்பான்?” என்று ஒரு மாமி. “ஏத்தாம? அவ வந்து அழுதாத்தானே அவன் தலை தப்பும்” என்று இன்னொரு மாமி. வெற்றிலை பாக்கு மடித்துக் கொடுத்தபடியே அவர்கள் செய்த வாதம், ரயில் பெட்டியில் ஆண்கள் செய்ததைவிடக் கூர்மையாக இருந்தது. ஆண்கள் துண்டையும் தோட்டாவையும் பற்றியே பேசினார்கள். அந்தப் பெண் இனி எந்த முகத்தோடு கடைகண்ணிக்குப் போவாள் என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

சில்வியா ஏறினார், கணவர் தரப்புச் சாட்சியாகவே. அன்று பகலில் வீட்டில் என்ன நடந்தது, கணவர் என்ன நிலையில் இருந்தார் என்று சொல்ல வேறு யாரும் இல்லை. அவர் அஹூஜாவுக்கு எழுதிய கடிதங்களும் நீதிமன்றத்துக்கு வந்தன, பத்திரிகை வழியாக ஊருக்கும் வந்தன. அந்தக் கடிதங்களை மெஸ்ஸில் ஒருவர் உரக்கப் படிக்க ஆரம்பித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரு பெண் தன் மனக்குழப்பத்தில் ஒருவனுக்கு மட்டும் எழுதியதை, ரசம் சாதத்துக்கு நடுவே கேட்க எனக்கு ஆகவில்லை. கணவரைக் காப்பாற்ற அவர் கொடுத்த விலை அது. ஊர் அவரை மன்னித்தது என்றார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியது ஊர்தான் என்று எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

நானும் ஒருநாள் உள்ளே போனேன். மானேஜிங் கிளார்க்குக்குத் தெரிந்த பியூன் ஒருவன் பின்கதவு வழியாக விட்டான். சுவரோடு ஒட்டி நின்றேன். வெள்ளைச் சீருடையில், மார்பில் பதக்கங்களோடு நானாவதி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைப் பறிக்கும் தோற்றம்தான், அதை மறுக்க முடியாது. துப்பாக்கி நிபுணர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது, காயம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நிதானமாக, ஒவ்வொன்றாக. என் கை பழக்கதோஷத்தில் தொடையிலேயே ஷார்ட்ஹேண்ட் போட்டுக்கொண்டிருந்தது. வழக்கின் உயிர்நாடி அந்தச் சாட்சியத்தில்தான் இருந்தது. பார்வையாளர் பெஞ்சுகளிலோ பேச்சும் இருமலும். நடுவிலேயே பலர் எழுந்து போனார்கள். அன்று சில்வியா வரவில்லை என்ற ஏமாற்றம் அவர்களுக்கு.

அஹூஜாவின் வேலைக்காரர் சொன்னதும் இப்படித்தான் காற்றோடு போயிற்று. வெடிச்சத்தம் அடுத்தடுத்துக் கேட்டது, எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் நடந்து முடிந்தது என்று அவர் சாட்சி சொன்னார். ஒரு நிமிஷத்துக்குள் பேச்சு, பதில், வசவு, மல்லுக்கட்டு எல்லாம் எப்படி நடக்கும்? சகோதரி அப்போது அதே ஃபிளாட்டில் வேறு அறையில் இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தார். விபத்தாக வெடித்திருந்தால் அந்தப் பெண்ணிடம் ‘ஐயோ, தவறிப்போய் வெடித்துவிட்டது, டாக்டரைக் கூப்பிடு’ என்று சொல்லியிருக்க மாட்டாரா? நானாவதி ஒன்றும் விளக்காமல் வெளியே நடந்துபோனார். போலீஸ் துணை கமிஷனர் ஜான் லோபோவிடம் சுட்டதாகச் சொன்னபோது, பதிவில் தன் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தும் அளவுக்கு நிதானமாக இருந்தார் என்பதையும் அரசுத் தரப்பு எடுத்துக்காட்டியது. துண்டு எல்லோருக்கும் தெரியும். இந்த எழுத்துப் பிழையை மெஸ்ஸில் ஒருவர்கூடப் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அது துண்டைவிடப் பெரிய சாட்சியமாகப் பட்டது. ஸ்டெனோ புத்தியோ என்னவோ.

அக்டோபர் 21. எங்கள் ஆபீஸ் ஜன்னல்வரை ஆரவாரம் கேட்டது. எட்டுக்கு ஒன்று, குற்றவாளி அல்ல. மானேஜிங் கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எல்லோருக்கும் கேக் வாங்கி வரச் சொன்னார். ரயில்வே மாமா ராத்திரி மெஸ்ஸுக்கு ஜிலேபியோடு வந்தார். இருவரும் கொண்டாடியது வேறு வேறு வழக்கை. ஒருவருக்கு அது விபத்து, மற்றவருக்கு நியாயமான கொலை. ஜூரி எட்டுப் பேரும் எதை நம்பி விட்டார்கள்? அவர்கள் கேட்ட வாதம் கண்டலாவாலாவுடையது. ஆனால் தீர்ப்பு ரயில் பெட்டியில் எழுதப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். வெளியே வெடித்த ஆரவாரத்தில் விபத்து என்ற பேச்சே கிடையாது, செய்தது சரி என்பதுதான் இருந்தது.

நீதிபதி மேத்தா அந்த முடிவை ஏற்கவில்லை. நியாய புத்தியுள்ள யாரும் இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு இப்படி முடிவு செய்யமாட்டார்கள் என்று கருதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஊர் அவரை வைதது. அத்தனை கூச்சலுக்கு நடுவே அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1960 மார்ச் 11 அன்று உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அன்றே கவர்னர் ஸ்ரீபிரகாசா தண்டனையை நிறுத்திவைத்து, நானாவதியைக் கடற்படைக் காவலிலேயே இருக்கச் சொன்னார். மாட்டுங்காக்காரர்களுக்கு ஸ்ரீபிரகாசா புதியவரல்ல. 1952-இல் சென்னையில் கவர்னராக இருந்து ராஜாஜியை மந்திரிசபை அமைக்க அழைத்தவர் அவர்தான். அப்படி அழைத்தது நல்லதா கெட்டதா என்ற பழைய சண்டையையும் சேர்த்துப் போட்டு மெஸ்ஸில் நாலு நாள் வாதம் நடந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது கவர்னர் அப்படிச் செய்ய முடியாது என்று பிறகு உச்ச நீதிமன்றம் சொன்னது.

1961 நவம்பர் 24 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி கே. சுப்பாராவ், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். விபத்து வாதத்தை நிராகரித்த பிறகு, ஊர் ஆரம்பம் முதல் சொல்லிவந்த ஆத்திரக் கதையையும் அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன பதில் ஒரு கணக்கு. நானாவதி வீட்டைவிட்டுக் கிளம்பியது ஒன்றரை மணிக்கு. சுட்டது நாலு இருபதுக்கு. நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரம். சினிமா தியேட்டர், கப்பல், அஹூஜாவின் அலுவலகம் என்று போய்வர, மனைவி மக்களின் எதிர்காலத்தை யோசிக்க அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. கோபம் தணியவும் அது போதும். ஆயுள் தண்டனை உறுதியானது. அந்தத் தீர்ப்பின் நகலை எங்கள் ஆபீஸுக்காக டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. முழுசாக அடித்து முடித்தபோது, இரண்டு வருஷம் ரயிலில் கேட்ட அத்தனை பேச்சுக்கும் வரி வரியாக யாரோ பதில் சொல்லியிருப்பதுபோல் இருந்தது. மானேஜிங் கிளார்க்கிடம் கொடுத்தேன். நின்றபடியே கடைசிவரை படித்துவிட்டு, “சட்டம் சரி” என்றார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அன்று அவர் டீ குடிக்கவில்லை.

1964-இல் கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு வழங்கினார். அதற்கு முன் அஹூஜாவின் சகோதரியிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கப்பட்டது. வழக்கில் அவர் சார்பாக நின்ற இளம் வக்கீல் ராம் ஜேட்மலானி. சில்வியாவே தன் வீட்டுக்கு வந்து கேட்டதைப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். 1968-இல் நானாவதி குடும்பம் கனடா போய்விட்டது. 2003-இல் நானாவதி காலமானார்.

1963-இல் தொடங்கி இந்தக் கதையை ஹிந்தியில் திரும்பத் திரும்பப் படம் எடுத்திருக்கிறார்கள். கடைசியாக 2016-இல் அக்‌ஷய் குமார் நடித்த ‘ருஸ்தம்’. பேரன் வற்புறுத்தி அழைத்துப்போனான். சீருடை பளபளத்தது, கைதட்டல் விழுந்தது. செத்தவனின் சகோதரி பாத்திரத்தைக் கையில் சிகரெட்டும் முகத்தில் வஞ்சமுமாக வில்லியாக்கியிருந்தார்கள். இடைவேளையில் பேரனிடம் சொன்னேன்: கோர்ட்டில் ஏறித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள், யாரும் காது கொடுக்கவில்லை, பிறகு தன் கூடப்பிறந்தவனைச் சுட்டவனை விட்டுவிடச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். படத்தில் அது எப்போது வரும் தாத்தா என்று கேட்டான். வராது என்றேன்.